'சார்ஜர் போடக் கூடாது' என்கிறதா அசோசியேஷன்? வேலூரில் இருந்தே ஒரு பதில் இருக்கு!

இ-ஸ்கூட்டர் வாங்கியாச்சு. பார்க்கிங்கில் ஒரு சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதி கேட்கிறீர்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷனிலிருந்து வரும் பதில், "அதெல்லாம் வேணாம் தம்பி, தீப்பிடிச்சா யார் பொறுப்பு?"

கோபப்படாதீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூர் சின்ன அல்லாபுரத்தில், இரவில் சார்ஜ் போட்டிருந்த இ-ஸ்கூட்டர் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத்திணறி அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அதை நம்ம ஊர் எப்படி மறக்கும்?

ஆனால், தடை போட்டால் ஆபத்து போய்விடுமா? பக்கத்து ராணிப்பேட்டையிலேயே 2021-லிருந்து இ-ஸ்கூட்டர் தயாராகிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தினமும் வேலைக்கு ஓடுகிறவர்கள் பெட்ரோல் செலவைப் பார்த்து இதை வாங்கத்தான் செய்வார்கள். பார்க்கிங்கில் இடமில்லை என்றால் மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் கார்டு தொங்கும். பேட்டரியைக் கழற்றி ஹாலில் வைத்து, ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறும். அதாவது, கீழே இருக்க வேண்டிய ஆபத்து நீங்கள் தூங்கும் இடத்துக்கே வந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, இ-வாகன சார்ஜிங்குக்கென்றே தனி மின் இணைப்பு கேட்கலாம். அதற்காக 'என் பார்க்கிங், என் இஷ்டம்' என்று கிளம்பிவிட முடியாது. கேபிள் போகும் சுவரும் மீட்டர் போர்டு இருக்கும் இடமும் எல்லாருக்கும் பொது.

எனவே, வாய்ப்பேச்சு வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் போட்ட வரைபடம், தனி மீட்டர், சரியான எர்த்திங், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப்பர், தீயணைப்பான், செலவு முழுக்க உங்களுடையது என்ற உறுதி... எல்லாவற்றையும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, பொதுக்குழுவுக்குக் கொண்டுபோங்கள். 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவான அசோசியேஷன் என்றால், அடுத்த கதவு மாவட்டப் பதிவாளர். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் சேர்ந்து மனு கொடுத்தால் விசாரணைக்கு வழி உண்டு. அதனால், முதலில் பக்கத்து வீட்டு இ-ஸ்கூட்டர்காரரைப் பிடியுங்கள்!

கூட்டத்தில் பேச ஒரு பாயின்ட் வேண்டுமா? 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தோல் தொழிலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 'சுத்திகரிப்பு வசதி செய்துவிட்டு நடத்து. செய்யாவிட்டால் மூடு' என்றது. பாலாற்றுக்கே அந்தக் கணக்கு என்றால், உங்கள் பார்க்கிங்குக்கும் அதே கணக்குதானே? "வேண்டாம்"னு சொல்பவர்களிடம் கேளுங்கள்: "என்ன பாதுகாப்பு இருந்தா சரின்னு சொல்வீங்க, சார்?"