பொசிட்டிவ் என்றால் கெட்டதா, நெகட்டிவ் என்றால் நல்லதா?

சென்ற இதழில் வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எப்படி வாசிப்பது என்று எழுதியிருந்தேன். இம்முறை வேறொரு கடிதம். சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் தொடர்மாடியில் இருக்கும் அக்கா ஒருவர், நான் வேலையால் வந்து சப்பாத்துக் கழற்ற முன்னரே கதவைத் தட்டினார். கையில் ஆஸ்பத்திரிக் கடிதம். பின்னால் 13 வயது மகள், அழுது வீங்கிய கண்களோடு.

"தம்பி, இதை ஒருக்காப் பாருங்கோ. பொசிட்டிவ் எண்டு போட்டிருக்காம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாம். எல்லாம் முடிஞ்சுது போலை."

அக்காவுக்கு 46 வயது. மார்பில் இருந்த கட்டியைத் தானே தடவிக் கண்டுபிடித்தவர். ஊசியால் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இது அடுத்த அறிக்கை. மொழிபெயர்த்தது அந்தப் பிள்ளை.

நானும் என் பங்குக்கு ஒரு பிழை விட்டேன். கீழே "ஹெர்-2 நெகட்டிவ்" என்று இருந்ததைக் கண்டு, "இது நெகட்டிவ்தானே அக்கா, இது நல்லது" என்று சொல்லிவிட்டேன். ஓ.எல். வரை படித்த என் அறிவு அவ்வளவுதான். அடுத்த முறை அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். டொக்டர் கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினார். பிள்ளை சொன்னதும் பிழை, நான் சொன்னதும் பிழை.

விஷயம் இதுதான். எங்கள் தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயம் பூசுவோம். கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால், வெடிப்புக்குள் போன சாயம் மட்டும் கோடாகத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலும் ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். கட்டியிலிருந்து எடுத்த சதையை போர்மலினில் வைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் சில பங்கு தடிப்பில் சீவுகிறார்கள். அதன்மேல் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் 'அன்ரிபொடி'யை ஊற்றிக் கழுவுகிறார்கள். அந்தப் புரதம் இருந்தால் அது ஒட்டி நிற்கும், அந்த இடம் மண்ணிறமாகும். இல்லாவிட்டால் கழுவுப்பட்டுப் போய்விடும். இப்படி ஒரே மாதிரியான அன்ரிபொடிகளை அளவில்லாமல் செய்யும் வழியை 1975இல் கண்டுபிடித்தவர்கள், ஜேர்மனியரான ஜோர்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்ரைனும். 1984இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆகவே 'பொசிட்டிவ்' என்றால் அந்தப் புரதம் இருக்கிறது, 'நெகட்டிவ்' என்றால் இல்லை. நல்லது கெட்டது என்ற கதையே அதில் இல்லை. எந்த மருந்து பிடிக்கும் என்று காட்டுவதுதான் அதன் முக்கிய வேலை.

மார்புப் புற்றுநோய் அறிக்கையில் பெரும்பாலும் நான்கு பெயர்கள் வரும். முதல் இரண்டும் ஈஸ்திரஜன், புரோஜெஸ்தரோன் என்ற பெண் ஹோர்மோன்களை ஏற்கும் புரதங்கள். நாலு பேரில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஈஸ்திரஜன் பொசிட்டிவாக இருக்கும். அந்தக் கட்டி ஹோர்மோனைச் சாப்பாடாக எடுத்து வளர்கிறது. சாப்பாட்டை மறிக்கத் தமொக்சிபென் போன்ற குளிசைகள் உண்டு. ஜேர்மன் அறிக்கைகளில் இதற்கு 0 முதல் 12 வரை புள்ளி போடுவார்கள். எத்தனை வீதமான கலங்களில் நிறம் பிடித்தது, எவ்வளவு கடுமையாகப் பிடித்தது என்ற இரண்டையும் பெருக்கி வருவது அது. அக்காவைப் பயப்படுத்திய 12 என்பது நோயின் கடைசிப் படியல்ல. ஹோர்மோன் மருந்துக்கு வழி நன்றாகத் திறந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

மூன்றாவது ஹெர்-2. நூறில் 15 முதல் 20 பேருக்கு இது மிதமிஞ்சி இருக்கும். இது கூடியவர்களுக்கு நோய் கெதியில் திரும்பி வருகிறது என்று அமெரிக்காவில் டெனிஸ் சிலமனும் கூட்டாளிகளும் 1987இல் காட்டினார்கள். அப்போது அது கெட்ட சகுனம். 1998இல் அதையே குறிவைக்கும் திரஸ்ருசுமாப் என்ற மருந்து அங்கே அனுமதி பெற்றபின் நிலைமை மாறியது. 3+ என்றால் பொசிட்டிவ். 2+ என்றால் முடிவில்லை, மரபணுச் சோதனை ஒன்று செய்து பார்ப்பார்கள். அந்தச் சில நாள் தாமதத்தைக் கண்டு பயப்பட வேண்டாம்.

நான்காவது கி-67. கட்டியில் எத்தனை வீதக் கலங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். எண் கூடினால் வேகம் கூட. இதில் 'கி' என்பது கீல் நகரம். 1983இல் அங்கேதான் அந்த அன்ரிபொடியைச் செய்தார்கள்.

முதல் மூன்றும் நெகட்டிவ் என்றால், நான் அன்று சொன்ன கணக்குப்படி மிகவும் நல்லதாக இருக்கவேண்டும். உண்மை அப்படியல்ல. ஹோர்மோன் குளிசையும் ஹெர்-2 மருந்தும் அங்கே உதவாது. கீமோதெரபியும், சிலருக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தும் கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் நான் "நல்லது" என்று சொல்லி, அவர் வைத்தியத்தைப் பின்போட்டிருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

எனவே சில வேண்டுகோள்கள். அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்கள் உரிமை. "இந்த முடிவால் எனக்கு எந்த மருந்து பொருந்தும், எது பொருந்தாது?" என்று டொக்டரிடம் கேளுங்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்று நாள் எடுக்கும்போதே சொல்லுங்கள். ஜேர்மனியில் 50 முதல் 75 வயதுவரையான பெண்களுக்கு இரண்டு வருடத்துக்கொருமுறை மார்புப் படம் எடுக்க அழைப்புக் கடிதம் வரும். விளம்பரம் என்று எறிந்துவிடாதீர்கள். வயது குறைந்தவர்கள், கட்டி தட்டுப்பட்டால் கடிதத்துக்குக் காத்திராமல் போங்கள்.

அக்காவுக்கு ஒப்பரேசன் முடிந்து கதிர்ச் சிகிச்சையும் முடிந்துவிட்டது. இப்போது நாளுக்கு ஒரு குளிசை, குறைந்தது 5 வருடத்துக்கு. அண்மையில் படியில் கண்டபோது மகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, அண்டைக்கு நான் பிழையாச் சொன்னதாலைதானே அம்மா ரண்டு நாள் சாப்பிடேல்லை?"

இல்லை பிள்ளை. பெரியவர்கள் நாங்கள் சுமக்கவேண்டியதை உன் தலையில் வைத்தது எங்கள் பிழை.

அடுத்த இதழில் சந்திப்போம்.