டிஸ்க் வீலுக்குக் காத்தடிக்க எத்தனை கை வேணும்?

உலகத்துல எங்கெல்லாம் அடாப்டர்னு ஒரு சாமான் விக்கிறாங்களோ, அங்கெல்லாம் ரெண்டு பேர் ஒருத்தரோட ஒருத்தர் கலந்து பேசாம டிசைன் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஆன்சைட்டுன்னு பெட்டியைக் கட்டிட்டு இங்கிலாந்து வந்து இறங்குறவன், மொத நாள் ராத்திரியே லேப்டாப் சார்ஜரைக் கையில வெச்சுக்கிட்டு மூணு சதுரக்கால் பிளக்குக்கு அலையிறான் பாருங்க, அந்தக் கதைதான். பொட்டி தட்டுற நமக்கு இது புதுசும் இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத ரெண்டு சாஃப்ட்வேருக்கு நடுவுல ஒட்டு வேலை பார்த்தே பாதி ஆயுசு போயிடுது.

இன்னிக்கு மேட்டர் சைக்கிள் டிஸ்க் வீலுக்குக் காத்தடிக்கிற அடாப்டர். "ஏன்யா, நாட்டுல எழுத வேற விஷயமே கிடைக்கலையா?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுமையா வாங்க. சுண்டுவிரல் நீளத்துல ஒரு சாமான், ஒருத்தரோட ஆறு மாச உழைப்பைக் கவுத்துவிடும். அதனாலதான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒண்ணு. டிஸ்க் பிரேக் வேற, டிஸ்க் வீல் வேற. டிஸ்க் வீல்னா போக்ஸ் கம்பியே இல்லாம, ரெண்டு பக்கமும் கார்பன் தகடு மூடின சக்கரம். மாட்டு வண்டிக்குக்கூட ஆரக்கால் உண்டு, இதுக்குக் கிடையாது. கோயில் தேர்ச் சக்கரம் மாதிரி முழுசா மூடியிருக்கும். கம்பிகள் சுத்தும்போது காத்தைக் கலக்கும். கலக்குற ஒவ்வொரு கலக்கலும் நம்ம காலுக்கு வேலை. மூடிட்டா அந்த வேலை மிச்சம். ஆனா பக்கவாட்டுக் காத்து அடிச்சா இதே சக்கரம் கப்பல் பாய் மாதிரி ஆயிடும். அதனால ரோட்டுல பின் சக்கரத்துக்கு மட்டும்தான் போடுவாங்க. கூரை போட்ட ட்ராக்குல காத்தே இல்லாததால முன்னாடியும் போடுறதுண்டு.

இதைப் பிரபலமாக்கினவர் இத்தாலிக்காரர் ஃப்ரான்செஸ்கோ மோசர். ஒரு மணி நேரத்துல எவ்வளவு தூரம் ஓட்ட முடியும்ங்கற சாதனை 1972-ல இருந்து எடி மெர்க்ஸ் கையில, 49.431 கிலோமீட்டர்ல நின்னுக்கிட்டிருந்தது. 1984 ஜனவரியில மெக்ஸிகோ சிட்டியில மோசர் டிஸ்க் வீல் போட்டு 50.808 ஓட்டினார். நாலே நாள் கழிச்சு அதே இடத்துல 51.151. வெறும் சக்கரத்தால மட்டும் வந்ததில்ல, ஆனாலும் அன்னிக்கு ஆரம்பிச்ச மோகம் இன்னும் அடங்கல. இங்க இங்கிலாந்துல டைம் ட்ரயல்னு ஒரு பந்தயம் 1895-ல இருந்து நடக்குது. நிமிஷத்துக்கு ஒருத்தரா தனித்தனியா விடுவாங்க, நீயும் கடிகாரமும் மட்டும்தான். 10 மைல், 25 மைல்னு வகை வகையா இருக்கு. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில கார் பார்க்குல போய்ப் பார்த்தா டிஸ்க் வீலாத்தான் தெரியும்.

சரி, பிரச்சனைக்கு வருவோம். சக்கரம் முழுக்க மூடியாச்சு. வால்வு எங்க? ரிம் ஓரத்துல, தகட்டுல ஒரு சின்ன ஜன்னல் வெட்டி அதுக்குள்ள வெச்சிருப்பாங்க. சாதாரண பம்பு தலையை அதுக்குள்ள நுழைச்சா பக்கத்துத் தகடு இடிக்கும். நுழைஞ்சாலும் லீவரைத் தூக்க இடம் இருக்காது. இங்கதான் அடாப்டர் வருது.

வால்வைப் பத்தி ரெண்டு வரி. நம்மூர் ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ வண்டிகள்ல 'வால் டியூப்' மாட்டுவோமே, அது பழைய டன்லப் வகை. பைக், கார்ல இருக்கறது ஷ்ரேடர். ரேஸ் சைக்கிள்ல இருக்கறது பிரஸ்டா, பிரான்சுல பொறந்தது, 6 மில்லிமீட்டர் தடிமன்ல ஒல்லிக்குச்சி. இதுக்குள்ள ஸ்பிரிங் கிடையாது. டயருக்குள்ள இருக்கற காத்தே கதவைச் சாத்திக்கும். உச்சியில இருக்கற குட்டி நட்டைத் திருகித் திறந்தாத்தான் காத்து போகும். இந்தக் கடைசி வரியை மறந்துடாதீங்க, அப்புறம் வேணும்.

இப்ப அடாப்டர் வகைகளைப் பார்ப்போம்.

1) வளைஞ்ச குழாய். இங்கிலீஷ்காரங்க இதுக்கு வெச்சிருக்கற பட்டப்பேரு 'கிராக் பைப்'. பார்க்க அப்படித்தான் இருக்கும் :-) ஒரு முனையில ரப்பர் வாஷர், அதை வால்வு மேல அழுத்தணும். மறுமுனையில பம்பு. பம்பு முனை பெரும்பாலும் ஷ்ரேடர் வடிவத்துல இருக்கும், உங்க பம்பு அதைப் பிடிக்குமான்னு பார்த்து வாங்கணும். விலை கம்மி, கெட்டுப்போக உள்ள ஒண்ணுமே இல்ல. ஆனா அடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு கை பிடிச்சுக்கிட்டே இருக்கணும்.

எவ்வளவு அழுத்தணும்னு கணக்குப் போட்டுடலாம், இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உருப்படியா இருக்கட்டும். 6 மில்லிமீட்டர் குழாயோட வாய் 0.28 சதுர சென்டிமீட்டர். 100 பி.எஸ்.ஐ.ன்னா சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. பெருக்கினா கிட்டத்தட்ட 2 கிலோ. அதாவது ரெண்டு கிலோ அரிசிப் பையோட எடை அந்த அடாப்டரைப் பின்னாடி தள்ளிக்கிட்டே இருக்கும். அதை ரெண்டு விரலால, குனிஞ்சுக்கிட்டு, ஒரு ஜன்னலுக்குள்ள சமாளிக்கணும். இன்னொரு கையால பம்பு. வாட்டசாட்டமான ஆளுக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் வாட்டசாட்டமா இல்லையே!

2) மரை போட்ட ஹோஸ். வால்வு உச்சியில திருகி மாட்டிட்டா அதுவே பிடிச்சுக்கும், ரெண்டு கையும் ஃப்ரீ. கேக்க நல்லா இருக்கு. ஆனா இப்ப வர்ற பிரஸ்டா வால்வுகள்ல உள்பாகம் தனியாக் கழட்டுற மாதிரி வருது. ஹோஸை நீங்க கழட்டும்போது அதுவும் சேர்ந்து கழண்டு வரும். அடிச்ச காத்து பூரா புஸ்ஸ்ஸ். வால்வுக்கு மரை கழண்டா நமக்கும் மரை கழண்டுடும். அந்த உள்பாகத்தை அதுக்கான குட்டி ஸ்பேனரால முன்கூட்டியே இறுக்கி வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்தான் இந்த வகை.

3) ஒடுக்கமான தலையோட, பூட்டிக்கிற வகை. ரப்பரை நெருக்கி வால்வைக் கவ்விக்கும். பூட்டுற லீவர் ஜன்னலுக்கு வெளியே வர்ற மாதிரி டிசைன் பண்ணியிருப்பாங்க. கை ஃப்ரீ, மரை கழலுற பயமும் இல்ல. விலைதான் உறைக்கும். ரப்பர் தேய்ஞ்சா மாத்துறதுக்கு உதிரி கிடைக்குதான்னு பார்த்துட்டு வாங்குங்க. இல்லேன்னா ஒரு ரப்பருக்காக முழுசையும் தூக்கிப் போடணும்.

4) பித்தளைத் தொப்பி. பிரஸ்டாவை ஷ்ரேடரா மாத்துற குட்டி சாமான். சல்லிசு. ஆனா இது திசையை மாத்தாது, வடிவத்தை மட்டும்தான் மாத்தும். ஜன்னலுக்குள்ள நேரா நுழைய இடமில்லாத எடத்துல இதனால ஒரு புண்ணியமும் இல்ல. 'டிஸ்க் வீலுக்கும் ஆகும்'னு எவனாவது சொன்னா, அவன் சக்கரத்தோட ஜன்னல் பெருசா இருக்கும், அவ்ளோதான்.

எது நல்லதுன்னு கேட்டா எல்லாரும் 'எது காத்தை லீக் பண்ணாது, எது லேசு, எது ஸ்டைலு'ன்னுதான் அளக்கறாங்க. என் கேள்வி வேற. தனி ஆளா, விடியக்காலை குளிர்ல, விரல் மரத்துப்போன நிலைமையில, உங்களால அடிக்க முடியுமா? இதுக்கு 'ஆமா'ன்னு பதில் வர்றதுதான் நல்ல அடாப்டர். மத்ததெல்லாம் அப்புறம்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, எங்க கிளப்புல ஒரு சேச்சி இருக்காங்க. மலையாளி, ஆஸ்பத்திரியில நைட் டூட்டி நர்ஸ். ஓவர்டைம் காசுல செகண்ட்ஹேண்ட் டிஸ்க் வீல் ஒண்ணு வாங்கினாங்க, கூடவே அந்த வளைஞ்ச குழாய். சின்னக் கை. அந்த ரெண்டு கிலோவை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால பம்பு அடிக்க அவங்களால முடியாது. ராத்திரியே அடிச்சு வெச்சிடலாமேன்னு கேப்பீங்க. அவங்க போட்டிருக்கறது லேடெக்ஸ் ட்யூப். லேசா இருக்கும், வேகமா உருளும், ஆனா விடியறதுக்குள்ள காத்து இறங்கிடும். காலையிலதான் அடிச்சாகணும். அதனால ஒவ்வொரு பந்தயத்துக்கும் கார் பார்க்குல யாரையாவது தேடிப் பிடிச்சு, "ஒரு கை பிடிக்கிறீங்களா?"ன்னு கேக்கணும்.

ஒரு ஞாயித்துக்கிழமை யாரும் கிடைக்கல. ஆளாளுக்கு அவங்கவங்க வார்ம்-அப்ல இருந்தாங்க. ஒரு வழியா ஆள் கிடைச்சு அடிச்சு முடிச்சு ஸ்டார்ட் லைனுக்குப் போறதுக்குள்ள அவங்க நிமிஷம் போயிடுச்சு. டைம் ட்ரயல்ல தாமதமா வந்தா அந்தத் தாமதமும் உங்க கணக்குலதான் ஏறும். அன்னிக்கு அவங்க ஓட்டினது அவங்க வாழ்க்கையிலேயே வேகமான 10 மைல். போர்டுல ஏறினது அதைவிட ரெண்டு நிமிஷம் அதிகம். சேச்சி அழல, யாரையும் திட்டல. "கேக்கறதுக்கு எனக்கு வெக்கமில்ல மோனே, ஆனா எப்பவும் கேட்டுக்கிட்டே இருக்கணுமா?"ன்னாங்க. எனக்கு அந்த வார்த்தை இன்னும் உறுத்துது.

அப்புறம் மூணாவது வகை ஒண்ணு வாங்கினாங்க. இப்ப யாரையும் கேக்கறதில்ல.

டிரையத்லான்ல இது இன்னும் கொடுமை. அயர்ன்மேன் 70.3-ல 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். வெளியாள் உதவி வாங்கக் கூடாதுன்னு விதி. நடு ரோட்டுல பஞ்சர். ட்யூப் கையில இருக்கு, கார்பன் டை ஆக்சைடு குப்பி இருக்கு, ஆனா குப்பியோட மூக்கு அந்த ஜன்னலுக்குள்ள போகல. ஆட்டம் குளோஸ். அதனால அடாப்டர்ல ரெண்டு வாங்குங்க. ஒண்ணு வீட்டு பம்போட, இன்னொண்ணு வண்டியோட.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்றதில்ல. நாம அடாப்டரைத்தான் தேர்ந்தெடுக்கறதா நினைக்கிறோம், நிஜத்துல வால்வு நீளம்தான் தேர்ந்தெடுக்குது. நட்டைத் திருகித் திறக்கணும்னு மேல சொன்னேனில்ல? வால்வு குட்டையா இருந்தா விரல் எட்டாது, அடாப்டருக்கும் பிடிமானம் இருக்காது. நெட்டையா இருந்தா வால்வு உச்சிக்கும் ஜன்னல் விளிம்புக்கும் நடுவுல அடாப்டர் நுழைய இடம் இருக்காது. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேலை எடுங்க. ஜன்னலோட நீளம், அகலம், ஆழம், வால்வு எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்கு, இந்த நாலையும் எழுதிக்குங்க. பம்பு, வால்வு, அடாப்டர், சக்கரம் நாலும் ஒரே குடும்பம். ஒருத்தரை மட்டும் பார்த்து சம்பந்தம் பேசக் கூடாது.

மீட்டர் பத்தியும் ஒரு எச்சரிக்கை. பிரஸ்டாவுல பம்பு மீட்டர் காட்டுறது ஹோஸுக்குள்ள இருக்கற அழுத்தத்தை. வால்வு ஒட்டிக்கிட்டுத் திறக்கலேன்னா டயருக்குள்ள ஒண்ணுமே போகாம முள்ளு மட்டும் ஜிவ்வுனு ஏறும். அடிக்கிறதுக்கு முன்னாடி நட்டைத் திறந்து ஒரு தட்டு தட்டிடுங்க. முடிச்சுக் கழட்டும்போது வர்ற 'புஸ்' சத்தம் பெரும்பாலும் ஹோஸ்ல மிச்சமிருந்த காத்து, டயர்க் காத்து இல்ல. பதறாதீங்க. புதுசா வர்ற ஹூக்லெஸ் ரிம்முக்கு அதிகபட்சம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.தான். பழைய ஞாபகத்துல 100 அடிச்சா டயர் ரிம்மை விட்டுத் தெறிக்கும். அது ஆபத்து.

கடைசியா என் ஆதங்கம். ஒரு டிஸ்க் வீல் ஆயிரம் பவுண்டைத் தாண்டி விக்குது. காத்துச் சுரங்கத்துல வெச்சு செகண்டு செகண்டா செதுக்கறாங்க. அந்த ஜன்னல் அளவை விளம்பரத்துல ஒரு வரி போடக் கூடாதா? பொருந்துற அடாப்டர் ஒண்ணைப் பெட்டியிலயே வெக்கக் கூடாதா? வெக்கிற கம்பெனிகளும் இருக்கு, வாழ்க அவங்க. ஆனா எல்லாரும் வெக்கணும். அதுவும் சின்னக் கையால அழுத்திப் பார்த்துட்டு வெக்கணும். சாஃப்ட்வேர்ல 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு சொல்ற டெவலப்பரை எப்படித் திட்டுவோமோ, அப்படித் திட்ட வேண்டிய விஷயம் இது. உன் கையில அழுத்தினா போகுது சார், எங்க கையில?

உங்க ஊர்ல டிஸ்க் வீல் ஓட்டுறவங்க என்ன அடாப்டர் வெச்சிருக்காங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. ஜன்னல் அளவோட சொன்னா கோடி புண்ணியம்.

டிஸ்கி: தலைப்புக் கேள்விக்கு விடை ரெண்டு. ரெண்டும் உங்களோடதாவே இருக்கணும்.