அது வெறும் வீட்டுச் சண்டையல்ல



"புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நமக்கென்ன?" என்று ஒதுங்கிவிடுகிறோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். இதற்கு விவகாரம் என்ற பெயர் பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையோடு நிற்கவில்லை. இழிவான பேச்சையும், வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் ஒடுக்குவதையும் வன்முறை என்கிறது. புகார் கொடுத்தால் குடும்பம் உடையும் என்பார்கள். ஆனால் இச்சட்டம் முதலில் தருவது கைது அல்ல. பாதுகாப்பு ஆணை, அதே வீட்டில் வசிக்கும் உரிமை, பராமரிப்புத் தொகை. ஆணையை மீறினால்தான் சிறை. குடும்பத்தை உடைப்பது அடிதான், புகார் அல்ல. 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசலாம். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம். அண்டை வீட்டாரும் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது.

- ஒரு வாசகி, மதுரை