'கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடலாமா?

சில ஆண்டுகளுக்கு முன் பெரம்பலூர் பக்கம் ஒரு பருத்தி வயலைப் பார்க்கச் சென்றேன். நாற்பத்தைந்து நாள் பயிர். இலைகள் அகலம் குறைந்து, வெண்டை இலை போல விரல் விரலாகப் பிரிந்திருந்தன. நோய் என்று நினைத்து அந்த விவசாயி இரண்டு முறை மருந்தும் அடித்துவிட்டார். விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மருந்து அடிக்க அவர் வாடகைக்கு எடுத்த தெளிப்பானில், அதற்கு முன் வேறொருவர் மக்காச்சோளத்துக்கு 2,4-டி களைக்கொல்லி அடித்திருக்கிறார். டேங்கைத் தண்ணீர் விட்டு அலசித்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆனால் பருத்திக்கு 2,4-டி கொஞ்சமும் ஆகாது. குழாயிலும் நாசிலிலும் தங்கிய மிச்சமே பயிரைக் கெடுக்கப் போதும்.

"காரணம்: தெளிப்பானைச் சரியாகக் கழுவாத கவனக்குறைவு" என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு அதே ஊரில், அதே தெளிப்பானால், இன்னொருவரின் பருத்தி கெட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுதியது பொய் அல்ல; ஆனால் அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பாடத்தை விமானத் துறை எப்போதோ கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், அமெரிக்காவின் பி-17 விமானங்கள் சில, பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு ஓடுதளத்திலேயே சக்கரம் மடங்கி வயிறு தட்டின. இறக்கை மடிப்பை உயர்த்த நினைத்த விமானி, பக்கத்திலிருந்த சக்கரத்துக்கான விசையை இயக்கியிருந்தார். 'விமானியின் தவறு' என்று கோப்பை மூடியிருக்கலாம். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற உளவியலாளர் விமானி அறையைப் போய்ப் பார்த்தார். இரண்டு விசைகளும் ஒரே மாதிரி, அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறிய சக்கர வடிவத்தையும், மற்றதில் இறக்கை மடிப்பு போன்ற வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். கண்ணால் பார்க்காமலே கை வித்தியாசத்தை அறிந்தது. யாரையும் திட்டாமலேயே தவறு அடங்கியது.

வேளாண்மையில் இந்தப் பாடத்தைக் கற்கத் தவறியதற்கு மிகப் பெரிய விலை கொடுத்த நாடு இராக். 1971இல், வறட்சிக்குப் பிறகு, அந்நாட்டு அரசு ஏராளமான கோதுமை, பார்லி விதைகளை வெளிநாட்டிலிருந்து தருவித்தது. பூஞ்சாண நோய் தாக்காமலிருக்க அவை மெத்தில் பாதரச மருந்தால் விதை நேர்த்தி செய்யப்பட்டிருந்தன. விதை வந்து சேரத் தாமதமானது. பல இடங்களில் விதைப்பு முடிந்துவிட்டது. மூட்டைகள் வீட்டில் கிடந்தன. எச்சரிக்கை வாசகங்கள் கிராமத்து மக்கள் படிக்க முடியாத மொழிகளில் இருந்தன. மண்டை ஓட்டுச் சின்னம் அவர்களுக்கு எதையும் உணர்த்தவில்லை. விதைக்கு ஏற்றியிருந்த சிவப்புச் சாயம் கழுவியதும் போனது. சாயத்தோடு நஞ்சும் போய்விட்டது என்று நம்பினார்கள். சிலர் முதலில் கோழிக்கும் ஆட்டுக்கும் போட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கு உடனே எதுவும் ஆகவில்லை, ஏனெனில் இந்த நஞ்சு வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். பிறகு மாவாக்கி ரொட்டி சுட்டார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் மட்டும் 6,530 பேர். அவர்களில் 459 பேர் இறந்தார்கள்.

அறியாமை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்த விவசாயிகள் கழுவினார்கள், சோதித்தார்கள், காத்திருந்தார்கள். தங்களுக்குத் தெரிந்த எல்லாக் கவனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ஏமாற்றியது சாயமும் மூட்டையும் காலம் தப்பிய விநியோகமும்தான். இதைவிட வேதனை, 1956இலும் 1960இலும் இதே இராக்கில் நேர்த்தி செய்த விதையைத் தின்று மக்கள் இறந்திருந்தார்கள் என்பது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1958 ஏப்ரல், மே மாதங்களில், கப்பலில் உணவுப் பொருளோடு சேர்ந்து வந்த பாரத்தியான் பூச்சிக்கொல்லி கோதுமை மாவில் கலந்ததால், கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சரக்கு ஏற்றியவரின் தவறு என்று அதோடு விட்டிருந்தால் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்திருக்காது. இன்று மருந்து டப்பாவில் நாம் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைக் குறியீடு அந்தச் சட்டத்தின் வழியே வந்ததுதான்.

ஆனால் அந்த நிறம் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பயிருக்கு ஆகாது என்பதைச் சொல்லாது. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று நினைக்கும் விவசாயிகளையும் பார்க்கிறேன். டப்பாவோடு வரும் துண்டுத்தாளில் எல்லா விவரமும் இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத பொடி எழுத்தில். களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் ஒரே மாதிரி பாட்டிலில் வருகின்றன. பேச்சில் இரண்டுக்கும் 'மருந்து' என்றே பெயர். அருகருகே இருந்த அந்த இரண்டு விசைகளைப் போலத்தான் இதுவும்.

களைக்கொல்லிப் பாட்டிலைத் தொட்டதுமே வேறுபடுத்தி அறியும்படி நிறுவனங்கள் செய்ய வேண்டும். அதை அரசு விதியாக்க வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சிவப்புப் பெயின்ட் பட்டை அடியுங்கள். தனியாக வாங்க முடியாதவர்கள் ஊருக்கு ஒன்றாகச் சேர்ந்து வாங்கலாம். வேறு வழியே இல்லையென்றால், சலவை சோடா கரைசலை ஊற்றி, குழாய், நாசில் வழியாகவும் ஓடவிட்டு, ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். மருந்தை ஒருபோதும் வேறு பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். மீந்த நேர்த்தி விதையைத் தானியம் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் என் போன்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயலில் ஒரு தவறு நடந்தால், யார் செய்தது என்பதோடு நிற்காமல், அது அவ்வளவு எளிதாக எப்படி நடந்தது என்றும் கேட்போம். திட்டப்படுவோம் என்று பயப்படும் விவசாயி உண்மையைச் சொல்ல மாட்டார். உண்மை வெளிவராத வயலில் தவறு மறுபடியும் முளைக்கும்.

அந்த ஊரில் தெளிப்பானை வாடகைக்கு விடுபவர் இப்போது இரண்டு வைத்திருக்கிறார். ஒன்றில் சிவப்புப் பட்டை. முதல் ஆண்டே நான் அறிக்கையில் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.