எலியன்று, மூஞ்சூறு

மாணவர்களே, மூஞ்சூறு என்றதும் பிள்ளையாரின் ஊர்தி நினைவுக்கு வரும். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, பாட்டி வீட்டுச் சுவரோரம் அது கீச்சிட்டு ஓடியதையும் உங்களுள் சிலர் கண்டிருப்பீர்கள். எலி என்றெண்ணித் துடைப்பத்தை ஓங்குவோரே மிகுதி. ஆனால் மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததன்று. எலி கொறித்துத் தின்னும். மூஞ்சூறோ நீண்ட மூக்கால் மோப்பம் பிடித்துப் பூச்சி, புழுக்களைத் தேடித் தின்னும். உடல் சிறிது, பசி பெரிது. சில மணி நேரம் இரை கிடைக்காவிடினும் அதன் உயிருக்கு ஆபத்துதான்.

இவ்வினத்தில் காட்டில் வாழும் ஒன்றைப் பற்றியே கூற விரும்புகிறேன். அந்தமான் கடலில் நார்கொண்டம் என்னும் எரிமலைத் தீவு உள்ளது. பரப்பு ஏறத்தாழ 7 சதுர கிலோமீட்டர். நம் நகரங்களின் சில பகுதிகள் அதனினும் பெரியவை! அதன் அடர்காட்டில், உதிர்ந்த இலைகளினூடே, கருஞ்சாம்பல் மயிரும் தடித்த வாலும் உடைய மூஞ்சூறு ஒன்று வாழ்கிறது. அது ஒரு புதிய இனம் என 2021ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தினர் உள்ளிட்ட அறிஞர்கள் அறிவித்தனர். வேறெங்கும் அது கண்டறியப்படவில்லை.

அத்தீவுக்கே உரிய இருவாச்சிப் பறவையை அறிந்தோர் பலர். அங்கு ரேடார் நிலையம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது, அப்பறவைக்காகப் பலர் வாதாடினர். அது முறையே. ஆயினும் அழகிய அலகுடைய பறவைக்குக் கிடைக்கும் பரிவு, இலைக்குப்பையில் வாழும் உயிருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கருத்து. 'இதனால் நமக்கு என்ன பயன்?' என வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நமக்குப் பயன்பட்டால்தான் ஓருயிர் வாழலாம் என்று விதித்தவர் யார்?

சிறு தீவின் உயிர்கள் எளிதில் அழியக்கூடியவை. இந்தியப் பெருங்கடலிலுள்ள கிறிஸ்துமஸ் தீவில் ஒரு காலத்தில் மூஞ்சூறுகள் ஏராளமாய் இருந்தன. 1985ஆம் ஆண்டில் பிடிபட்டவற்றுக்குப் பின் ஒன்றுகூடத் தென்படவில்லை. கப்பலில் வந்த எலிகள் பரப்பிய நோயே காரணமாகலாம் என்பர். நார்கொண்டத்திலும், காவலர் முகாமுக்கென இறக்கிய ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன; பின்னர் அவற்றை அகற்ற நேர்ந்தது.

ஆகவே அத்தீவுக்கு மூட்டையோ பெட்டியோ செல்லுமுன் துறைமுகத்திலேயே சோதித்தல் வேண்டும். எலியோ பூனையோ கரையேறிவிட்டால், பின்னர் அதனைக் காட்டில் தேடிப் பிடிப்பது அரிது.