மைய மண்டபம் இல்லாத நாடாளுமன்றம்

இடம் போதவில்லை என்று கட்டப்பட்ட புதிய நாடாளுமன்றத்தில் இருக்கைகளுக்குக் குறைவில்லை. மக்களவையில் 888 பேரும், மாநிலங்களவையில் 384 பேரும் அமரலாம். 2023 மே 28-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில், அதே ஆண்டு செப்டம்பர் 19 முதல் இரு அவைகளும் கூடி வருகின்றன. ஆனால், பழைய கட்டடத்தின் உயிர்நாடியாக விளங்கிய ஒன்று புதியதில் இல்லை. அதுதான் மைய மண்டபம்.

1946 டிசம்பர் 9-இல் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியதும், 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஆட்சி கைமாறியதும் அங்கேதான். அவை வரலாற்றுத் தருணங்கள். மற்ற நாள்களில் அது அமைச்சர்களும், எதிர்க்கட்சியினரும், இரு அவைகளின் உறுப்பினர்களும், மூத்த செய்தியாளர்களும் காபி அருந்தியபடி கலந்து பேசிய பொதுவிடம். தொகுதிப் பிரச்னைக்காக அமைச்சரைச் சந்திக்க முன்அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. அவையில் காலையில் மோதிக்கொண்டவர்கள் பிற்பகலில் அருகருகே அமர்ந்து சமரசம் கண்டதும் உண்டு.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு இந்த இடத்தின் தேவை கூடியது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகலாம் என்ற நிலையில், உறுப்பினர் மனம் திறந்து பேச அவைக்கு வெளியேதான் வழி இருந்தது. அந்த வழியும் இப்போது குறுகிவிட்டது.

செய்தியாளர்களின் நிலை இன்னும் மோசம். 2020-இல் கரோனாவைக் காரணம் காட்டி விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள், நோய்த்தொற்று தணிந்த பிறகும் நீடித்தன. 2024 ஜூலையில் அவர்கள் கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்தப்பட்டபோது, எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி அவையிலேயே அதை எழுப்ப நேர்ந்தது.

கட்டட அமைப்பு அவையின் போக்கைத் தீர்மானிக்கும் என்பதை பிரிட்டன் உணர்ந்திருந்தது. 1941-இல் குண்டுவீச்சில் அழிந்த மக்கள் சபையை மீண்டும் கட்டியபோது, சர்ச்சிலின் வற்புறுத்தலால் வேண்டுமென்றே பழைய சிறிய அளவிலேயே கட்டினார்கள். இன்றும் அங்கே 650 உறுப்பினர்களுக்கு 427 இருக்கைகளே உள்ளன. நெருக்கமே விவாதத்துக்கு உயிரூட்டும் என்பது அவர்களது முடிவு.

1927-இல் திறக்கப்பட்ட பழைய கட்டடத்துக்கு மாற்று தேவைப்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆளும் கட்சிக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் இடையிலான கசப்புக்குக் கட்டடம் மட்டுமே காரணமுமல்ல. ஆனால், பகையைத் தணிக்கும் தற்செயலான சந்திப்புகளுக்கு இடமே இல்லையென்றால், கசப்பு மேலும் இறுகும்.

இதற்குத் தீர்வு காண பெரும் செலவு தேவையில்லை. 'சம்விதான் சதன்' என்று பெயர் மாற்றப்பட்ட பழைய கட்டடம் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. கூட்டத்தொடர் நாள்களில் அதன் மைய மண்டபத்தை உறுப்பினர்களும் செய்தியாளர்களும் கலந்து பேசும் இடமாக மீட்கலாம். அல்லது புதிய கட்டடத்திலேயே அதற்கென ஓரிடம் ஒதுக்கலாம். மக்களவைத் தலைவரும் மாநிலங்களவைத் தலைவரும் மனம் வைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே இது கைகூடும். உறுப்பினர்கள் உட்கார இடம் தந்தால் மட்டும் போதாது. பேசிப் பழகவும் இடம் தர வேண்டும்.