கொடுப்பது நாம், மீட்டர் அவர்களுடையது

அண்ணாச்சி கடை எங்கே இருக்கிறது என்று கூகுளுக்குச் சொன்னது யார்? பெரும்பாலும் அண்ணாச்சியேதான். இல்லாவிட்டால் அவர் மகன். கடை வாசலில் நின்று போட்டோ எடுத்து, எத்தனை மணிக்குத் திறக்கும், போன் நம்பர் என்ன, எல்லாவற்றையும் அவர்களே ஏற்றியிருப்பார்கள். மிச்சத்தை வாடிக்கையாளர்கள் எழுதுவார்கள். ‘அரிசி நல்லா இருக்கு, வண்டி நிறுத்தத்தான் இடமில்லை.’ இப்படி எழுதுகிறவர்களுக்குக் கூலி? ‘லோக்கல் கைடு’ என்று ஒரு பட்டம், கொஞ்சம் பாயின்ட். அந்தப் பாயின்ட்டைக் கொடுத்து அதே கடையில் கால் கிலோ பருப்பு வாங்க முடியுமா, கேட்டுப் பாருங்கள்.

இப்போது அதே தெருவில் ஒரு பையன், ராத்திரியில் பக்கத்தில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்று செய்ய நினைக்கிறான். நாம் நிற்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை செல்போனே சொல்லிவிடும். அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் என்னென்ன மருந்துக்கடை என்று ஒரு டேட்டாபேஸைக் கேட்க வேண்டும். அங்கேதான் மீட்டர் ஓடுகிறது.

2018-ல் கூகுள் போட்ட விலைப்பட்டியலில், ‘அருகில் தேடு’ வசதிக்கு ஆயிரம் தடவைக்கு 32 டாலர். திறக்கும் நேரம், போன் நம்பர், நட்சத்திர மதிப்பெண் எல்லாம் சேர்ந்தால் 40. மாதம் 200 டாலர் வரை இலவசம். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் கை நிற்காது. மாதம் 5,000 தேடல், நாளொன்றுக்கு 166. நூற்று அறுபத்தேழாவது ஆள் காய்ச்சலோடு மருந்துக்கடை தேடினால், காசு பையனின் சட்டைப்பையிலிருந்து போகும்.

2024 ஜூலையில் ஓலா கம்பெனி, கூகுள் மேப்பை விட்டு வெளியே வந்துவிட்டோம், வருடத்துக்கு 100 கோடி ரூபாய் மிச்சம் என்று அறிவித்தது. அதே மாதம் கூகுளும் ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவுக்கு 70 சதவீதம் வரை விலை குறைப்பு என்றது. 70 சதவீதம் தள்ளுபடி கொடுத்தும் கட்டுப்படியாகிற சரக்குக்கு, அதுவரை என்ன லாபம் வைத்திருந்தார்களோ! (2025 மார்ச்சில் அந்த 200 டாலர் சலுகையும் போய், ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி இலவச அளவு வந்துவிட்டது.)

“சும்மா தருவாங்களா சார்? சாட்டிலைட் படம், சர்வர், எல்லாம் செலவுதானே?” செலவுதான். கட்டணம் வாங்கட்டும். என் சண்டை விலையோடு இல்லை, நிபந்தனையோடு. வாங்கிய அட்சரேகை, தீர்க்கரேகையை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாதாம். அந்த இடத்துக்குக் கூகுள் கொடுத்த அடையாள எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிய அரிசியை மாசக் கடைசியில் கொட்டிவிட வேண்டும், கோணி மட்டும் உங்களுக்கு! இதற்கும் சர்வர் செலவுக்கும் என்ன சம்பந்தம்?

வேறு வழி இல்லாமல் இல்லை. 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் யாரும் சேர்க்கலாம், எடுக்கலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 2015 டிசம்பரில் சென்னை மிதந்தபோது எந்தெந்தத் தெரு முழுகியது என்று மக்கள் குறித்தது இதை அடித்தளமாக வைத்துத்தான். ஆனால் நம் சின்ன ஊர்களைத் திறந்து பாருங்கள், தெரு இருக்கும், கடை இருக்காது. கொட்டுவதையெல்லாம் ஒரே குதிரில் கொட்டினால் பொதுக் களஞ்சியம் காலியாகத்தான் கிடக்கும். கூகுளில் ஏற்றுகிற கை, அதே விவரத்தை இங்கேயும் ஒரு தடவை ஏற்றினால் குறைந்தா போய்விடும்?

அரசாங்கத்துக்கும் ஒரு கேள்வி. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, இந்தியக் கம்பெனிகள் முன் அனுமதி இல்லாமல் வரைபடத் தகவல் திரட்டலாம் என்றது. சந்தோஷம். ஆனால் திரட்டவே தேவையில்லாத தகவல் ஃபைலில் தூங்குகிறதே? லைசென்ஸ் இல்லாமல் இங்கே ஒரு மருந்துக்கடை திறக்க முடியாது. ஆக, அத்தனை கடையின் முகவரியும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் இருக்கிறது. ரேஷன் கடையும் ஆரம்ப சுகாதார நிலையமும் அரசே நடத்துவது அல்லது அரசின் பட்டியலில் இருப்பது. இவற்றை அட்சரேகையோடு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வெளியிட யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? பையன் கேட்பது ராணுவ ரகசியம் இல்லை. போர்டு மாட்டி, டியூப்லைட் போட்டு, தெருவைப் பார்த்துத் திறந்து வைத்திருக்கும் கடையின் விலாசம்.